புதுச்சேரி உடன்படிக்கையைப் படிப்பது எப்படி? தாத்தாவின் குடியுரிமையைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் குறித்து இந்தியாவும் பிரான்சும் நடத்திய பேச்சுவார்த்தையைப் படிக்க உட்காரும்போது மூன்று தேதிகளை முதலில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் மட்டும் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனதால், சட்டப்படி ஆட்சியுரிமை மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அங்கிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தார்கள். இதை விட்டுவிட்டால் மேற்கொண்டு எல்லாமே தப்பாகும்.

அடுத்து, இணைப்பு குறித்த வாக்கெடுப்பு நடந்த புதுச்சேரிப் பகுதிக் கிராமமான கீழூர். மக்கள் சம்மதமின்றி எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பு இடம்தரவில்லை. அதற்காகவே 1954 அக்டோபர் 18 வாக்கெடுப்பு. வாக்களித்த 178 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். இந்தியாவுடன் இணைப்புக்கு 170, எதிராக 8. இதைப் பொதுமக்கள் வாக்கெடுப்பு என்று எழுதாதீர்கள். பொதுமக்கள் நேரடியாக வாக்களித்தது 1949-இல், வங்காளத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில்.

இனி குடியுரிமை. உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவிலிருந்து நிதானமாகப் படியுங்கள். பேச்சுவார்த்தையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அன்று பிரெஞ்சுக் குடிமகனாக இருந்த தாத்தாவைப் பற்றி இரண்டே கேள்வி: எங்கே பிறந்தார்? 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கே நிலையாகக் குடியிருந்தார்?

இந்த நான்கு ஊர்ப் பகுதிகளில் பிறந்து, அங்கேயோ இந்தியாவின் வேறு பகுதியிலோ குடியிருந்தால், தானாகவே இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும். அங்கே பிறந்து வெளிநாட்டில் குடியிருந்தால் நேர்மாறு: பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார், விரும்பினால் அதே ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்திருக்கலாம். வியட்நாமின் சைகோனில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்தவரையும் முதல் வகையில் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. பிறந்த இடம் இந்தப் பகுதிகளுக்கு வெளியே என்பதால் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை போகவில்லை. ஆகவே பிறப்புப் பதிவைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தாத்தா எழுதிக்கொடுத்த விருப்ப அறிவிப்பின் நகல் கிடைத்தால் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனார் எடுத்த முடிவே பொருந்தும். அவர்கள் பெயர்களும் அதே தாளில் இருக்க வேண்டும்.