அடிமை முறை ஒழிந்த ஆண்டு 1863 அல்ல

"அமெரிக்காவில் அடிமை முறையை ஆபிரகாம் லிங்கன் 1863-இல் ஒழித்தார்." பொது அறிவுப் புத்தகங்களில் அடிக்கடி காணும் வரி இது. மனப்பாடம் செய்ய எளிது, ஆனால் தவறு.

அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென்பகுதிக்கு மட்டுமே பொருந்தியது. அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தை (அமெரிக்கக் கூட்டாட்சியை) விட்டு விலகாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களை அது தொடவில்லை. ஒன்றியப் படையின் கையில் இருந்த நியூ ஆர்லியன்ஸுக்கும் விலக்கு இருந்தது.

இதை அறிந்ததும், "அப்படியானால் அது வெற்றுக் காகிதம்" என்று சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. ஒரு மாநிலத்தின் அடிமைச் சட்டத்தில் கைவைக்க அமைதிக் காலத்தில் அதிபருக்கு அதிகாரம் கிடையாது. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் கிடைத்த போர்க்கால அதிகாரத்தையே லிங்கன் பயன்படுத்தினார். எதிரியின் உழைப்புப் பலத்தைப் பறிப்பது போர் நடவடிக்கை என்ற அந்த வாதம், கிளர்ச்சி செய்யாத மாநிலத்தில் எடுபடாது. படை முன்னேறிய இடங்களிலெல்லாம் விடுதலையும் கூடவே சென்றது. கறுப்பின மக்கள் ராணுவத்தில் சேரவும் பிரகடனம் வழிவிட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தார்கள். பிரகடனத்துக்கு முன்பே தோட்டங்களிலிருந்து தப்பி, ராணுவ முகாம்களில் தஞ்சம் புகுந்தவர்கள் ஏராளம். "லிங்கன் விடுதலை அளித்தார்" என்று மட்டும் எழுதினால் இவர்கள் அத்தனை பேரும் வரலாற்றிலிருந்து காணாமல் போகிறார்கள். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

1865 ஜூன் 19-ஐயும் முடிவு நாளாகக் கொள்ளக் கூடாது. அன்றுதான் டெக்சஸின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது. கென்டக்கியில் அடிமை முறை அதன் பிறகும் நீடித்தது. நாடு முழுவதும் அதை ஒழித்தது, அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்ற 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். லிங்கன் கொல்லப்பட்டு அப்போது ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்ற விலக்கும் அத்திருத்தத்திலேயே இருக்கிறது. கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்ட கொடுமைக்கு அதுவே கதவைத் திறந்துவைத்தது.

கடைசியாக, இரண்டு ஜான்சன்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிண்டன் ஜான்சன். லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனோ, 1866-இன் குடிமை உரிமைகள் மசோதாவைத் தம் மறுப்பதிகாரத்தால் திருப்பி அனுப்பியவர். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பைத் தள்ளி, மசோதாவைச் சட்டமாக்கின.