வீட்டுப் பட்டறைக்கு முதல் வெல்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் 16 ஆம்ப் பாயிண்ட் எங்கே இருக்கிறது?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டு மாடியில்தான் நான் தொடங்கினேன். "250 ஆம்ப் எடுத்துக்கோங்க சார், எல்லா வேலையும் ஆகும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி வந்து, 3.15 மி.மீ. ராடு (உருகி இரும்பை ஒட்டவைக்கும் கம்பி) மாட்டி, பத்த வைத்த மூன்றாவது தடவை எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்து மொத்தக் கட்டடமும் இருண்டது. கீழ்வீட்டு அம்மா சட்னி பாதி அரைத்த மிக்ஸி ஜாரோடு மேலே வந்து நின்றார். மெஷின் கெட்டது இல்லை, அந்த வீட்டு வயரிங்குக்கு அது பொருந்தவில்லை. அதை எனக்கு விற்பதற்கு முன் கடைக்காரர் வயரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

படி 1: கரண்ட்டைப் பாருங்கள். பெஸ்காம் (பெங்களூரு மின்வாரியம்) பில்லை எடுத்து அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். 2, 3 என்று இருந்தால் பெரிய மெஷினை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. ஒரு தோராயக் கணக்கு: சாதாரண இன்வர்ட்டர் மெஷினில் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் சின்ன வெல்டிங் மெஷின், வீட்டு பேட்டரி இன்வர்ட்டர் இல்லை) 70 ஆம்பில் வெல்டிங் செய்தால் 230 வோல்ட் லைனிலிருந்து சுமார் 12 ஆம்ப் இழுக்கும், 16 ஆம்ப் பாயிண்ட் தாங்கும். 100 ஆம்புக்குப் போனால் 17, 18 ஆகிவிடும். அவ்வளவு ஆம்பில் வேலை இருக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, தனி எம்சிபி போட்டுக்கொள்ளுங்கள். எர்த்திங்கையும் அவரிடமே சரிபார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் சொருகாதீர்கள், வயர் உருகிவிடும்.

படி 2: எந்தக் கனத்துக்கு? வீட்டில் நாம் செய்வது செடி ஸ்டாண்ட், மேஜை, சின்ன கேட், மாடிக் கூரைக்கு ஒரு சட்டம். ஸ்கொயர் டியூப் 1.2 முதல் 2 மி.மீ., ஆங்கிள் 3 முதல் 5 மி.மீ., அவ்வளவுதான். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்ப், 3.15 ராடுக்கு 90 முதல் 130. ஆக, நிஜமாகவே 130 ஆம்ப் தருகிற மெஷின் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

படி 3: எந்த வகை? முதல் மெஷினுக்கு என் வாக்கு, சிங்கிள் பேஸ் 200 ஆம்ப் இன்வர்ட்டர் ஆர்க் (ராடு வைத்து ஓட்டும்) மெஷினுக்கே. பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் மாதிரி லைனை இழுத்துத் தள்ளாட வைக்காது, மொட்டை மாடிக் காற்றுக்கும் அசராது. மிக் மெஷினில் (சுருளிலிருந்து கம்பி தானே வரும், கேஸ் அதைக் காக்கும்) வேலை சுத்தம், மெல்லிய டியூபில் ஓட்டை விழுவது குறைவு, உண்மைதான். ஆனால் சிஓ2 சிலிண்டர், ரெகுலேட்டர் என்று செலவு கூடும், திறந்த இடத்தில் காற்றடித்தால் கேஸ் கலைந்து வெல்டிங்கில் பொத்தல் பொத்தலாக வரும். காற்றில் வேலை என்றால் கேஸ் தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பி போடலாம், அதற்கு டார்ச்சை நெகட்டிவில் மாற்றி மாட்ட வேண்டும். அப்படி மாற்ற வழியில்லாத த்ரீ இன் ஒன் (ஆர்க், மிக், டிக் மூன்றும் சேர்ந்த) மெஷினை வாங்காதீர்கள். "டிக் இருக்கு, அலுமினியமும் ஒட்டலாம்" என்று சொன்னால் (டிக் என்பது டங்ஸ்டன் முனையும் ஆர்கான் கேஸும் வைத்துச் செய்யும் வெல்டிங்) ஏசி கரண்ட் வெளியே தருமா என்று கேளுங்கள். டிசி மட்டும் உள்ள டிக்கில் நம்மைப் போன்றவர்களுக்கு அலுமினியம் ஒட்டாது.

படி 4: பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். இதில்தான் நிதானம் வேண்டும். முன்னால் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, பின்னாலுள்ள தகட்டில் எக்ஸ் (X) என்ற வரியைத் தேடுங்கள். 60%, 100% என்று போட்டு, அதற்குக் கீழே ஐ2 (I2, வெல்டிங் கரண்ட்) வரியில் ஆம்ப் கொடுத்திருப்பார்கள். 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். 200 ஆம்ப் 60% என்று உண்மையாக எழுதிய மெஷின் 100 சதவீதத்தில் 155 ஆம்ப் அளவில் தாங்கும். 100 சதவீதக் கட்டத்தில் 90 ஆம்ப்தான் இருக்கிறதென்றால் அந்த 200 வெறும் பெயருக்கு. ஐ1 மேக்ஸ் (I1max) என்ற எண், லைனிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும். அதைப் படி 1-இல் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். தகடே இல்லையா? வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பெங்களூரின் கருவிக் கடைகள் உள்ள எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் போகும்போது நாலு 6013 ராடும் (சாதாரண இரும்புக்கான ராடு வகை) ஒரு துண்டு டியூபும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, ஒரு ராடு ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டால் நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். 2.5 ராடு, 75 ஆம்ப். ஒட்டாமல் பற்றுகிறதா, எண்ணெயில் வடை வேகிற மாதிரி இடைவிடாத சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். விட்டு விட்டு வெடித்தால் முதலில் எர்த் கிளாம்பைத் துருவில்லாத இடத்தில் மாட்டிப் பாருங்கள், பல நேரம் குறை அங்கேதான். அப்புறம் ஹோல்டர் வயரைத் தொடுங்கள்: ஒரு ராடு முடிவதற்குள் சுட்டால் உள்ளே செம்பு குறைவு. சர்வீஸ் எங்கே என்றும் கேளுங்கள், போர்டு போனால் பெங்களூரிலேயே சரிசெய்ய ஆள் வேண்டும்.

படி 6: மிச்சப் பணம் கண்ணுக்கு. மெஷினோடு இலவசமாகத் தரும் கைப்பிடிக் கண்ணாடி போதாது. 9 முதல் 13 ஷேடு (கண்ணாடியின் இருட்டளவு) வரை மாற்றக்கூடிய, வெளிச்சம் பட்டதும் தானே இருளும் ஆட்டோ ஹெல்மெட் வாங்குங்கள், 2.5 ராடுக்கு 10 வைக்கலாம். கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகுதான் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தி எடுக்கும். பக்கத்தில் குழந்தைகள் நின்று பார்த்தால் அவர்களுக்கும் அதுவேதான். தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ. ஜிஐ பைப் என்றால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று ஓட்டுங்கள். அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரலாம்.