பழைய விடெக் சிட்டியை வைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகள்

ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998-இல். பின்னால் வந்த 1.5 லிட்டர் விடெக் மாடல் (விடெக் என்பது எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றுகிற ஹோண்டாவின் ஏற்பாடு) 106 குதிரைத்திறன் தந்தது. எடையோ ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல். 2003-இல் அதன் இடத்துக்கு வந்த புது சிட்டி வெறும் 77 குதிரைத்திறனோடு நின்றபோது, பழையதை அவசரப்பட்டு விற்றவர்கள் மனதுக்குள் நொந்துகொண்டார்கள். இன்றும் சிக்னலில் பக்கத்தில் அந்தப் பழைய விடெக் ஒன்று வந்து நின்றால் திரும்பிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

ஆனால் அந்த வண்டிகளுக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயது. வாங்கிய கையோடு கோன் ஃபில்டர் (பெட்டியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), பதினாறு இன்ச் அலாய், தடித்த சைலன்சர் என்று இறங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கம்பெனி கொடுத்த அந்த 106 இப்போது உங்கள் வண்டியில் இருக்கிறதா? பத்துக் குதிரை கூட்டுவதற்காக ஐம்பதாயிரம் செலவழிக்கிறார்கள். வயதாகித் தொலைந்துபோன பதினைந்து குதிரையைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை.

ரப்பரை மறப்பது

பழைய காரில் முதலில் சாவது இரும்பல்ல, ரப்பர். எஞ்சின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஆன்டி ரோல் பார் புஷ், வேக்குவம் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் நம் ஊர் வெயிலில் கல்லாகிப்போயிருக்கும். வண்டி நேராக ஓடாமல் அலைபாய்கிறது என்று புது ஷாக் அப்சார்பர் போடுவார்கள். போட்ட பிறகும் அலைபாயும். காரணம் கிழிந்த புஷ். அதன் விலை ஷாக் அப்சார்பரோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

வாங்கிய முதல் மாதம் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ரப்பர் என்று கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் பாருங்கள். அப்படியே ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கிற கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

சத்தமே இல்லாத டேப்பட்

வால்வைத் தள்ளித் திறக்கிற இடத்தில் இருக்கிற இடைவெளியைத்தான் நம் ஊரில் டேப்பட் என்கிறோம். இந்த எஞ்சினில் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது. ஸ்க்ரூவைத் திருப்பித்தான் வால்வு இடைவெளி வைக்க வேண்டும், அதுவும் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு. லேசாக 'டிக் டிக்' சத்தம் வந்தால் உரிமையாளருக்குப் பொறுக்காது. மெக்கானிக்கும் அவர் மனசு குளிரட்டும் என்று இடைவெளியை இறுக்கிவிடுவார். வண்டி அமைதியாகிவிடும், நமக்கும் சந்தோஷம். ஆனால் இடைவெளி குறைந்தால் வால்வு அதன் இருக்கையில் முழுதாக உட்காராது. உட்காராத வால்வு தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்கு இறக்கிவிட முடியாது. கொஞ்ச நாளில் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகும், கம்ப்ரஷன் இறங்கும், ஐடிலிங்கில் வண்டி விக்கும். கொஞ்சம் சத்தம் போடுகிற டேப்பட்டே மேல்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்துப்போக வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்தால் இந்த எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். இது பலருக்குத் தெரியும், அதனால் பெல்ட்டை மாற்றிவிடுகிறார்கள். தவறு அதற்கு அடுத்த படியில் நடக்கிறது. வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். டென்ஷனர் பேரிங்கும் அதே வயது. கேம், கிராங்க் ஆயில் சீல்களும் அப்படியே. பெல்ட் மட்டும் புதுசு போட்டு, ஆறு மாதத்தில் பம்ப் ஒழுக ஆரம்பித்தால் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும், கூலியையும் இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். பழைய வண்டி வாங்கினால், 'போன வருஷம்தான் மாத்தினோம்' என்று விற்பவர் சொன்னாலும் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரும்பாலான கார்களைப் போல இந்த எஞ்சின் கடிகாரச் சுற்றில் சுற்றாது, எதிர்ச்சுற்று. ஹோண்டாவில் கை வைக்காத மெக்கானிக் பழக்கதோஷத்தில் ஸ்பானரை மறுபக்கம் சுற்றி டைமிங் மார்க் வைத்தால் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடலாம். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. 'விடெக் செத்துப்போச்சு' என்று நாம் புலம்புவோம்.

விடெக் செத்துப்போவது உண்மையில் அபூர்வம். அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற விஷயம். ஆயில் அளவு குறைந்தாலோ, அந்த ஆயிலைத் திறந்துவிடுகிற மின்வால்வான சாலினாய்டுக்குக் கீழே இருக்கிற சின்ன வலை அடைத்துக்கொண்டாலோ அது விழிக்காது. கம்ப்யூட்டரைச் சந்தேகப்படும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். 'பழைய வண்டிதானே' என்று 20டபிள்யூ50 மாதிரி கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் வேண்டாம். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை விட்டால் சந்தேகத்துக்குரியது வால்வு சீல். அதைக் கெட்டி ஆயிலால் குணப்படுத்த முடியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

நம் ஊர் வொர்க்‌ஷாப் வைத்தியத்தில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான். வண்டி சூடாகிறது என்றால், எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ரேடியேட்டர் ஃபேனுக்கு டைரக்ட் லைன் கொடுத்து, 'இனிமே சூடே ஆகாது சார்' என்று அனுப்புவார்கள். ஆகாதுதான். எஞ்சின் சரியான வெப்பத்துக்கே வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், சிலிண்டர் தேயும். சூடானதற்கான உண்மையான காரணம், அடைத்த ரேடியேட்டரோ அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடியோ, அப்படியே இருக்கும்.

இந்த எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். அதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே அரிக்கும். கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், இரண்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றவும் வேண்டும். ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல், ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, குறையக் குறைய நிரப்புங்கள். அரைமணி நேர வேலை. பொறுமையில்லாமல் மூடிவிட்டால் உள்ளே தங்கிய காற்றுக்குமிழி ஹெட் கேஸ்கெட்டுக்கு எமன்.

பம்ப் மேல் பழி

ஒரு மே மாதம், விழுப்புரம் பக்கம் சாப்பிட நிறுத்தினோம். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டி அதன்பின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கிடைத்த மெக்கானிக் பெட்ரோல் பம்ப் போச்சு என்றார். மாற்றினோம். அதற்குள் மாலையாகி, வண்டி ஜம்மென்று கிளம்பியது. அடுத்த வாரம் சென்னையில் இன்னொரு வெயில் மதியம் அதே கதை. கடைசியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கழற்றி, உள்ளே சால்டரில் முடிமாதிரி ஓடிய வெடிப்பைக் காட்டினார். பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கிற மெயின் ரிலே. சூட்டில் விரிந்தால் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நான் பம்ப் மாற்றியதால் அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை, பொழுது சாய்ந்ததால் கிளம்பியது!

அந்தக் கால ஹோண்டாக்கள் பலவற்றுக்கும் உள்ள வியாதி இது. சாவியை 'ஆன்' வரை திருப்பினால் பின் சீட் பக்கம் இரண்டு நொடி பம்ப் முனகும். முனகல் கேட்கவில்லை என்றால் முதலில் ரிலேயைப் பாருங்கள். முனகல் கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர். காயில், இக்னைட்டர் இரண்டும் அதற்குள்ளேதான் வெந்துகொண்டிருக்கின்றன.

கியர்பாக்ஸ் பற்றி ஒரே வரி: 'கியர் ஆயில்' என்று சொன்னால் கை பழக்கத்தில் கெட்டியான 90 ஆயிலை ஊற்றிவிடுவார்கள். ஹோண்டா மேனுவல் கியர்பாக்ஸுக்கு வேண்டியது அதற்கென்றே வருகிற எம்டிஎஃப் (மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்). 90 ஊற்றிய வண்டியில் காலை நேரத்தில் இரண்டாவது கியர் போட்டுப் பாருங்கள், புரியும்.

இப்போது அலங்காரம்

இதெல்லாம் முடிந்தபின் மாடிஃபிகேஷனுக்கு வருவோம். கோன் ஃபில்டர் போட்டால் சத்தம் நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி பானட்டுக்குள் இருக்கும் சூட்டை விட்டு விலகி வெளிக்காற்றை இழுக்கிறது. மூடியில்லாத கோன், எஞ்சின் பக்கத்தில் கொதிக்கிற காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. காசு கொடுத்துக் குதிரையை விற்கிறோம். கோன்தான் வேண்டும் என்றால் வெளிக்காற்று வரும் குழாயும் சூட்டை மறைக்கும் தடுப்பும் சேர்த்துப் போடுங்கள். சைலன்சரும் அப்படித்தான். டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு இன்ச் குழாய் தாராளம். அதற்கு மேல் போனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய், ஆட்டோவிடம் தோற்பீர்கள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இன்னும் நிற்கவில்லை. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய மென்மைக்கு வடிவமைத்ததாகவே இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் வண்டி குதிக்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். தாழ்த்த ஆசையென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக வருகிற செட்டை வாங்குங்கள். கூடவே, உங்கள் தெரு வேகத்தடையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தில் அளவுக் கணக்கு முக்கியம். 175/70 ஆர் 13 டயரோடு வந்த வண்டிக்கு 195/50 ஆர் 15 போட்டால் மொத்த விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபடும். 205/50 ஆர் 16 போட்டால் 6 சதவீதம் பெரிதாகிவிடும். மீட்டர் 94 காட்டும்போது நிஜத்தில் நீங்கள் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள், கியரும் அதே அளவுக்குச் சோம்பலாகும்.

அளவைவிட ஆபத்தானது நட். ஹோண்டாவின் சொந்த அலாய்க்கு வரும் நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளிக்கடை அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்கானவை. மரை ஒன்றே என்பதால் மாறிப் போட்டாலும் இறுகும், ஆனால் மெல்லிய கோட்டளவில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் நட் தளர்வது அப்படித்தான். ஹப் துளை 56.1 மில்லிமீட்டர், அலாயின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் 80-இல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் மாதாமாதம் வீல் பேலன்சிங் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 மாட்டுகிறவர்கள், அந்த மின்சாரம் முழுதும் இருபத்தைந்து வயது ஸ்விட்ச் வழியாகப் போகிறது என்பதை யோசிப்பதில்லை. முதலில் வாசனை வரும், அப்புறம் புகை. பேட்டரியிலிருந்து நேராக ரிலேயும் ஃபியூஸும் வைத்து வயர் இழுத்தால், பழைய 60/55 பல்பே கண்ணைத் திறந்துகொண்டு எரியும். வோல்டேஜ் வழியில் தொலையாமல் போய்ச் சேருவதுதான் காரணம்.

பங்க்கும் ஆர்டிஓவும்

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியை வடிவமைத்த காலத்தில் யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. பழைய ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வருஷக்கணக்கில் டேங்கில் படிந்த கசடு கரைந்து வரக்கூடும் என்பதால் பெட்ரோல் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கை அரைகுறையாக வைத்து நிறுத்தாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

எஞ்சின் மாற்றும் ஆசை இருந்தால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஆர்சியில் ஒரு எஞ்சின் நம்பர், பானட்டுக்குள் வேறு நம்பர் என்றால் அங்கே பேச வார்த்தை இருக்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் அதே வம்புதான்.

கடைசியாக, கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதே குடும்பத்து எஞ்சின் உலகமெங்கும் சிவிக்கில் ஓடியதால் எஞ்சின் பாகத்துக்கு வழி பிறந்துவிடும். கதவு ரப்பர், பின் லைட், பம்பர் கிளிப், ஃபில்டர் பெட்டி ஆகியவற்றுக்குத்தான் சென்னையில் கார் பாகங்கள் விற்கிற ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒருநாள் முழுக்க அலைந்து வெறுங்கையோடு திரும்புவீர்கள். என் வீட்டுப் பரணில் இரண்டு ஃபில்டர் பெட்டியும் நாலு பதிமூன்று இன்ச் ரிம்மும் இருக்கின்றன. வருஷா வருஷம் போகிக்கு அதை வெளியே போடச் சொல்லி வீட்டில் சண்டை நடக்கிறது. இதுவரை நான்தான் ஜெயித்திருக்கிறேன்.