ஒரு முட்டை அட்டையில் இரண்டு பல்லாங்குழி

30 முட்டை வைக்கும் காகித அட்டை ஒன்றை வெட்டினால் இரண்டு பல்லாங்குழிப் பலகை கிடைக்கும். அட்டையில் ஆறு குழி கொண்ட ஐந்து வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டுங்கள். மிஞ்சும் ஐந்தாவது வரிசையிலிருந்து ஒட்டியிருக்கும் இரண்டு குழியை வெட்டி ஒவ்வொரு பலகையின் ஒரு ஓரத்தில் சேர்த்தால் 14 குழி. குழிகளுக்கு நடுவே உள்ள மேட்டில்தான் வெட்ட வேண்டும். குழியை ஒட்டி வெட்டினால் ஒட்டுவதற்கு விளிம்பு இருக்காது. அடியில் செய்தித்தாள் பட்டையை மைதாப் பசையால் ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள்.

குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் மாசி, பங்குனியில் வீட்டு வாசல்களில் புளி தட்டும்போது கேட்டாலே அள்ளித் தருவார்கள். சதை போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தாவிட்டால் எறும்பு வரும், கொட்டை அட்டையில் ஒட்டும். துளை விழுந்தது வண்டு அரித்தது, வேண்டாம்.

குழி ஆழமாக இருப்பதால் கொட்டை சிதறாது, எடையும் குறைவு. அம்மா களையெடுக்கும் வரப்பிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ மடியில் வைத்தே ஆடலாம். நாள் முழுக்கக் காத்துக் கிடக்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை. ஓரக் குழி சேர்க்காமல் 12 குழியோடு விட்டால் கானா நாட்டில் ஆடும் ஓவாரே என்ற குழி விளையாட்டின் பலகை. அதற்குக் குழிக்கு 4, மொத்தம் 48 கொட்டை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் கூடாது, கொட்டை தொண்டையில் சிக்கும். முட்டை உடைந்து கறைபட்ட அட்டையில் கிருமி இருக்கலாம், தொடாதீர்கள். மழையில் நனைந்தால் அட்டை ஊறிவிடும்.