பாவித்த அக்குவாவில் நல்ல கிரேட்டைத் தெரிவுசெய்வது எப்படி?

போன மாதம் என் மச்சாளுக்குப் பாவித்த ரொயோட்டா அக்குவா கார் பார்க்கப் போயிருந்தோம். ஒரே காரில் எவ்வளவு வசதி பூட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் மட்டத்தைத்தான் கிரேட் என்கிறார்கள்; அதை எழுத்தால் குறிப்பார்கள். விற்பவர் தொலைபேசியில், "ஜி கிரேட், ஃபுல் ஒப்ஷன்" என்று சொல்லியிருந்தார். நேரில் போனால் சாவியைத் துளையில் விட்டுத் திருப்பித்தான் ஸ்டார்ட் பண்ணினார். ஜி கிரேட் அக்குவாவில் சாவி பொக்கற்றிலேயே கிடக்கும், பட்டனை அழுத்தினால் போதும். அந்த மனிதருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் காசு கொடுப்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறையாக ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த கார், எடுக்கப் போகிறவர்களுக்காக, நான் வண்டி பார்க்கும் முறையை அதே ஒழுங்கில் எழுதுகிறேன்.

ரொயோட்டா அக்குவா 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வேறு சில நாடுகளில் அதற்குப் பிரியஸ் சி என்று பெயர். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், இங்கே கைமாறும் பழைய அக்குவாக்கள் எல்லாம் அதற்கு முன் வந்தவை. முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரம், மின்மோட்டார், பின் இருக்கைக்குக் கீழே உள்ள 144 வோல்ட் நிக்கல் பற்றறி ஆகியவை எல்லாக் கிரேட்டிலும் ஒன்றுதான். கூட்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 100 குதிரைவலுதான். கிரேட்டுக்காக நீங்கள் கூடக் கொடுக்கும் பணம் முழுவதும் வசதிக்கும் பாதுகாப்புக்கும் போகிறது. அதனால் எந்த வசதிக்குக் கொடுக்கிறோம் என்று எண்ணிக் கொடுக்க வேண்டும்.

படி 1: எழுத்துகளைப் படியுங்கள்

எல் என்பது அடிமட்டம். பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பின்கண்ணாடி வைப்பரும் பெரும்பாலும் இருக்காது. மாரி மழையில் ஒருமுறை ஓடிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். எஸ் நடுத்தரம், சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுதான். ஜி மேல்மட்டம்: ஸ்மார்ட் சாவி, பட்டன் ஸ்டார்ட், தோல் சுற்றிய ஸ்டியரிங்.

ஜி என்பதையும் ஜீஸ் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜீஸ், பிறகு 2017இல் வந்த ஜிஆர் ஸ்போர்ட் இரண்டும் விளையாட்டு ரகம். சஸ்பென்ஷன் தாழ்வாக இருக்கும். எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடி உரசும் சத்தத்தைக் கேட்டு ஓட மனமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எல் கிரேட்டுக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எடை குறைவு. 2017இல் அக்குவாவில் செய்த மாற்றங்களுக்குப் பின் ஜப்பானிய எரிபொருள் பரிசோதனையில் எல் லீற்றருக்கு 38.0 கிலோமீற்றர் காட்டியது. எஸ், ஜி 34.4. இந்த எண்கள் வீதியில் கிடைப்பதில்லை, ஆனால் எது சிக்கனம் என்பதை ஒப்பிடலாம். தனி ஆளாக வேலைக்கு ஓடுபவருக்கு எல் போதும். பிள்ளைகள் பின்னால் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

படி 2: பிறகு பூட்ட முடியாததற்கு மட்டும் காசு கொடுங்கள்

இதுதான் முக்கியம், அவசரப்படாமல் வாசியுங்கள். வசதிகளை இரண்டாகப் பிரியுங்கள். சீற் கவர், அலாய் வீல், ரிவேர்ஸ் கமரா, தொடுதிரை: இவை எல்லாம் நாளைக்கு எந்தக் கடையிலும் பூட்டலாம். இவற்றைக் காட்டி விலை கூட்டினால் மயங்காதீர்கள். அதிலும் ஜப்பானில் பூட்டி வந்த ரேடியோவுக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். அங்கே எப்எம் அலைவரிசை 76இல் தொடங்கி 90களில் முடிந்துவிடும். நாங்கள் கேட்பது 88 முதல் 108 வரை. பாதி நிலையங்கள் எடுக்காது, மெனுவும் ஜப்பானிய மொழியில் இருக்கும்.

தொழிற்சாலையில் பூட்டினால்தான் உண்டு என்றவை வேறு. மோதும்போது பக்கவாட்டில் ஊதி விரியும் பக்க எயார்பேக், ஜன்னலோரம் திரைபோல விரியும் கேட்டின் எயார்பேக் அப்படிப்பட்டவை. ஜப்பானில் முதல் உரிமையாளர் கேட்டால் மட்டும் பூட்டிக் கொடுத்த ஒப்ஷன் அது. ஆகவே ஒரே எழுத்துள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. முன் இருக்கையின் கதவுப்பக்க ஓரத்திலும், கதவுத் தூண்களின் உட்பக்கத்திலும் எஸ்ஆர்எஸ் எயார்பேக் என்ற எழுத்தைத் தேடுங்கள். 2015 நவம்பரில் ரொயோட்டா சேஃப்டி சென்ஸ் சி என்ற பாதுகாப்புத் தொகுதி வந்தது. முன்வாகனத்தில் மோதப்போனால் எச்சரித்துத் தானே பிறேக் பிடிக்கும். வீதியில் போட்ட கோட்டைத் தாண்டினால் சத்தமிடும். முன்கண்ணாடியில் உட்கண்ணாடிக்குப் பின்னால் கமராப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள்; மாற்றியபின் கமராவைச் சீர்செய்யாவிட்டால் அது சரியாக வேலை செய்யாது.

என்னைக் கேட்டால், பாதுகாப்பு ஒப்ஷன் பூட்டிய எஸ், ஒன்றுமில்லாத ஜியை விட மேல்.

படி 3: உங்கள் ஒழுங்கையை அளந்து பாருங்கள்

இதை யாரும் சொல்லமாட்டார்கள். சாதாரண அக்குவாவின் திரும்பும் ஆரை 4.8 மீற்றர். ரூறிங் பக்கேஜ் என்ற 16 அங்குல ரயர் உள்ளதில் அது 5.7 மீற்றர். பார்க்க வடிவான வண்டி அதுதான், என் சித்தப்பாவும் அந்த வடிவுக்காகவே எடுத்தார். கோண்டாவிலில் அவருடைய வீட்டு ஒழுங்கை இரண்டு பக்கமும் மதில். இன்றைக்கும் படலைக்குள் திருப்ப மூன்று தரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுக்கிறார். எங்கள் வீட்டுச் சாதாரண எஸ் அதே படலைக்குள் ஒரே வெட்டில் போகிறது.

மாறாக, உங்கள் வீதி குண்டும் குழியுமா, மழைக்கு வெள்ளம் நிற்குமா? சாதாரண அக்குவாவின் தரை இடைவெளி 140 மில்லிமீற்றர். 2014 டிசம்பரில் வந்த எக்ஸ் அர்பன் என்ற உயர்த்திய அக்குவாவில் 160. 2017இல் அதன் இடத்துக்கு வந்த குறொஸ்ஓவரில் 170. வன்னிப் பக்கம் உள்வீதிகளில் ஓடுபவர்களுக்கு அந்த 20, 30 மில்லிமீற்றர் தோல் ஸ்டியரிங்கை விடப் பெறுமதியானது.

படி 4: விற்பவர் பேச முன் நீங்கள் தொட்டுப் பாருங்கள்

சாவி எப்படிப்பட்டது என்று பாருங்கள். பின்கதவில் சுவிட்ச் இருக்கிறதா, சுற்றும் பிடியா? ஸ்டியரிங்கின் வலது கீழ்ப்பக்கம் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கொன்றோல் தண்டு இருக்கிறதா? ஹெட்லைற் எல்இடியா சாதாரண பல்பா? அதுவும் ஒப்ஷனாக வந்ததுதான், எழுத்தை வைத்து ஊகிக்க முடியாது. பின்புற எழுத்துச் சின்னத்தை நம்பவே வேண்டாம். அதைக் கடையில் வாங்கி ஒட்டலாம்.

அடுத்து ஏலத்தாளைக் கேளுங்கள். ஜப்பானிய ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து எழுதிய தாள் அது. கிரேட் என்ன, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, புள்ளி எத்தனை என்று அதில் இருக்கும். 4 என்றால் நல்ல நிலை. ஆர் என்றோ ஆர்ஏ என்றோ இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய வண்டி. தாளில் வரும் சுருக்கங்களில் ஏஏசி என்றால் தானியங்கி ஏசி, ஏடபிள்யூ என்றால் அலாய் வீல். தாள் இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதுமான காரணம்.

படி 5: பற்றறியை விட்டுவிடாதீர்கள்

என்ன கிரேட் எடுத்தாலும் பற்றறி களைத்திருந்தால் பயனில்லை. பின் இருக்கையின் கீழே காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கிறது. அதில் தூசியும் முடியும் அடைத்திருந்தால் பற்றறி பல வருடமாகச் சூட்டில் வெந்திருக்கக்கூடும். ஹைபிரிட் தெரிந்த கராஜில் ஸ்கானர் பூட்டி, பற்றறித் தொகுதிகளின் வோல்ட் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க விடமாட்டேன் என்கிற விற்பவரிடம் நான் வண்டி வாங்கமாட்டேன்.

புதிதாக இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்டது. இப்போது வருவது 2021 ஜூலையில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை அக்குவா. அறிமுகமானபோது அதில் கிரேட் வரிசை பி, எக்ஸ், ஜி, இசட். பழைய அக்குவாவில் ஜி மேல்மட்டம். புதியதில் அதற்கு மேலே இசட் இருக்கிறது. பழைய பழக்கத்தில் "ஜி தானே, மேல்மட்டம்" என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

மச்சாள் கடைசியில் கொக்குவிலில் ஒரு 2016 எஸ் எடுத்தார். சாவி திருப்புகிற வண்டிதான். கமராப் பெட்டி இருந்தது, தூணில் எயார்பேக் எழுத்து இருந்தது, ஏலத்தாளில் 4 இருந்தது. சீற் கவர் மட்டும் அடுத்த கிழமை போடப் போகிறார்.