‘நெவர்’ முன்னால் வந்தால் துணைவினை எங்கே போகும்?

“ஒருபோதும் நான் பார்த்ததில்லை” என்றாலும் “நான் ஒருபோதும் பார்த்ததில்லை” என்றாலும் தமிழில் வினை கடைசியில்தான் நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. நெவர், செல்டம், அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் போன்ற எதிர்மறைச் சொற்களை வாக்கியத்தின் தலையில் வைத்தால், ஹேவ், டிட் போன்ற துணைவினையும் எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும். “நெவர் ஐ ஹேவ் சீன் சச் எ மெஸ்” தவறு. “நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ மெஸ்” சரி. நெவர் நடுவில், தன் வழக்கமான இடத்திலேயே இருந்தால் எதுவும் மாறாது.

துணைவினை இல்லாத வாக்கியமா? டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றைக் கூப்பிட வேண்டும். “ஹி ரேர்லி கம்ஸ்” என்பது “ரேர்லி டஸ் ஹி கம்” ஆகும். “ரேர்லி டஸ் ஹி கம்ஸ்” என்று எழுதி நானே சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். அந்த ‘ஸ்’ ஏற்கெனவே டஸ்ஸுக்குள் போய்விட்டது, இரண்டு முறை வராது.

அடுத்தது நம் தாய்மொழி வைக்கும் பொறி. ‘ஒருபோதும்’ என்று தொடங்கினால் முடிவில் ஓர் ‘இல்லை’ வந்தே தீரும். அந்தப் பழக்கத்தில் “நெவர் டிட் ஐ நாட் லை” என்று எழுதினால், பொய் சொல்லாத நாளே இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும். நெவருக்குள்ளேயே இல்லை இருக்கிறது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ‘நாட் அன்டில்’, ‘ஒன்லி ஆஃப்டர்’ இரண்டிலும்தான். வாக்கியத்தில் இரண்டு வினைகள், எதைப் புரட்டுவது, அதாவது எதன் துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவருவது? “நாட் அன்டில் டிட் ஐ ரீட் தி லெட்டர்” என்று முதலில் கண்ணில் பட்டதைப் புரட்டிவிடுகிறார்கள். இங்கே தமிழே கைகொடுக்கும். “கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குப் புரியவில்லை.” முற்றுவினை எது? புரியவில்லை. அதைத்தான் புரட்ட வேண்டும்: “நாட் அன்டில் ஐ ரெட் தி லெட்டர் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்.” மழை நின்ற பிறகுதான் கிளம்பினோம் என்பதும் அப்படியே: “ஒன்லி ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்.”

ஆனால் ‘நோ சூனர்’, ‘ஹார்ட்லி’ இரண்டிலும் இந்த உபாயம் பலிக்காது. அங்கே முதல் பகுதிதான் புரளும். நான் உட்கார்ந்ததுமே ஃபோன் அடித்தது என்பது இப்படி வரும்: “நோ சூனர் ஹேட் ஐ சாட் டவுன் தேன் தி ஃபோன் ராங்.” நோ சூனருக்குத் துணை ‘தேன்’ என்ற ஆங்கிலச் சொல், ஹார்ட்லிக்குத் துணை ‘வென்’. ஜோடி மாற்றக் கூடாது.

எதிர்மறைபோலத் தெரிவதெல்லாம் எதிர்மறை அல்ல. “அட் நோ டைம் டிட் ஹி கம்ப்ளெயின்” என்றால் அவன் எப்போதுமே குறை சொல்லவில்லை. “இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட்” என்றாலோ நொடியில் முடித்துவிட்டான். செயல் நடந்திருக்கிறது, ஆகவே புரட்டல் இல்லை. “ஒன்லி மை சிஸ்டர் நோஸ்” என்பதிலும் ஒன்லி எழுவாயோடு ஒட்டியிருப்பதால் தொட வேண்டாம்.

அப்புறம், இது மேடைக்கும் கட்டுரைக்கும் உரிய நடை. ஒரு பக்கத்தில் ஒன்று வந்தால் மிடுக்கு, நான்கு வந்தால் நாடக வசனம். நண்பனுக்கு “ரேர்லி டூ ஐ ஸ்லீப் பிஃபோர் டென்” என்று செய்தி அனுப்பிப் பாருங்கள், “என்னாச்சு உனக்கு?” என்றுதான் பதில் வரும்.