குடும்ப குரூப்பில் வந்த வீடியோவை அனுப்பும் முன்

2018 மே மாதம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துக் கும்பல் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். வாட்ஸ்அப் வதந்திதான் அந்தப் பயத்தைக் கிளப்பியது. அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு கடத்தல் வீடியோ, உண்மையில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர் குழந்தையைத் திரும்ப விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். இணையத்தில் பொறுப்போடு நடக்க யாரானாலும் முதலில் பழக வேண்டியது, வந்ததைச் சரிபார்ப்பதுதான்.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பிய சித்தப்பாவுக்கே மூலம் தெரியாது.

வீடியோவில் கடைப் பலகை, நம்பர் பிளேட், கட்டடம் தெளிவாகத் தெரியும் இடங்களில் நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடும் முன் மேலே ஒட்டியிருக்கும் எழுத்துகளை கிராப் செய்துவிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: எழுத்தோடு போட்டால் லென்ஸ் அதையே பிடித்துக்கொண்டு, அதே வதந்தியைப் போட்ட பக்கங்களைக் காட்டும். முடிவுகளில் இருப்பதிலேயே பழைய தேதியைத் தேடுங்கள். 'காட்பாடியில் இன்று' என்று வரும் வெள்ளம், 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எடுத்ததாக இருக்கலாம். டிஎன் 23 பிளேட் தெரிந்தால் அது வேலூர் வண்டி, அவ்வளவுதான். என்றைக்கு எடுத்தது என்று அது சொல்லாது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுப்பாமல் விடுங்கள்.

மழைக்குப் பள்ளி விடுமுறை என்று செய்தி வந்தால், உங்கள் மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தபின் ஆற்காடு ராணிப்பேட்டையிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் இருக்கின்றன. வேலூர் ஆட்சியர் விடும் விடுமுறை அங்கே செல்லாது.

'இந்த ஆளைப் பார்த்தால் விடாதீர்கள்' என்று ஒருவர் படம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவசர உதவி எண் 112-க்குச் சொல்லுங்கள்.

பொய் என்று தெரிந்தாலும் பெரியவரை குரூப்பில் மடக்க வேண்டாம். அவர் வீம்புக்கு நிற்பார். தனியாக, "சித்தப்பா, இது 2021 வீடியோ, லிங்க் பாருங்க, நீங்களே குரூப்ல சொல்லிடுங்க" என்று அனுப்புங்கள். நீங்களே தவறாக அனுப்பியிருந்தால் சுமார் இரண்டரை நாளுக்குள் எல்லோருக்கும் நீக்கலாம். ஆனால் மற்றவர்கள் அனுப்பிய பிரதிகள் அழியாது. ஆகவே எந்தெந்த குரூப்பில் போட்டீர்களோ, அங்கெல்லாம் மூல லிங்கோடு திருத்தத்தையும் போடுங்கள்.